பெயர் எழுதாத சுவர்கள்: கிந்தாப் பள்ளத்தாக்கின் கலையும் ஒரு சிற்றூர்க் கலைக்கூடத்தின் கடனும்

முன்னுரை

கலைக்கூடம் என்றவுடன் பெருநகரத்தில் உள்ள ஒரு பெரிய கட்டடமே பலர் நினைவுக்கு வரும். வெண்ணிறச் சுவர், சட்டமிட்ட ஓவியம், அதன் அருகே ஒரு சிறிய அட்டை. அவ்வட்டையில் ஓவியர் பெயர், படைப்பின் பெயர், ஆண்டு ஆகியவை இருக்கும். 1958ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தொடங்கப்பெற்ற தேசியக் கலைக்கூடம் இத்தகையது. ஆயினும் கலைக்கூடம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே நம் நாட்டில் கலை இருந்தது. பேராக் மாநிலத்தின் ஈப்போ நகரிலும், அதனைச் சூழ்ந்த பழைய ஈய வயல்களிலும், பால்மரத் தோட்டங்களிலும் அது பாறைமேலும் குகையினுள்ளும் கோயிற் கூரைமேலும் கடைத்தெருச் சுவர்மேலும் வாழ்ந்தது, இன்றும் வாழ்கிறது.

இப்பொழிவில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் அந்தச் சிறிய அட்டை. ஒரு படைப்பைப் பார்ப்பதற்குக் கட்டடம் கட்டாயம் அன்று. செய்தவர் யாரென்று அறிவதற்கோ யாரேனும் எழுதி வைத்திருக்க வேண்டும். கிந்தாப் பள்ளத்தாக்கின் சில சுவர்களை வரலாற்று முறையில் ஒவ்வொன்றாகப் பார்த்து, எங்கே பெயர் நின்றது, எங்கே அழிந்தது, ஏன் அழிந்தது என வினவுவோம். அதன்பின், இத்தகைய ஊரில் அமையும் சமூகக் கலைக்கூடம் முதலில் செய்யவேண்டிய பணி எது என்பதையும் ஆராய்வோம்.

1. பாறையும் குகையும்

ஈப்போவுக்கு அருகே தம்புனில், சுண்ணாம்புக் குன்றின் உயர்ந்த பாறை முகப்பில், செங்காவி நிறத்தில் தீட்டிய உருவங்கள் உள்ளன. 1959ஆம் ஆண்டு கூர்க்காப் படைப்பிரிவைச் சேர்ந்த பிரித்தானிய அதிகாரி ஒருவர் கண்டு கூறிய பின்னரே இவை ஆய்வுலகிற்குத் தெரியவந்தன. விலங்குகளும் மனிதரும் வடிவக் கோலங்களுமாக 600க்கும் மேற்பட்ட உருவங்களை ஆய்வாளர் எண்ணியுள்ளனர். எழுத்து வழங்காத காலத்தில் வரைந்தவை ஆதலின், அவற்றை வரைந்தவர் பெயரை எதிர்பார்க்க இயலாது. இப்பள்ளத்தாக்கின் மிகப் பழைய கலைக்கூடம் இதுவே எனலாம். அண்மைக் காலத்தில் அதே பாறையில் கிறுக்கியவர்களும் உண்டு. காவலற்ற கலைக்கு நேர்வது யாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அடுத்த சுவர் பேராக் தோங் குகைக் கோயில். சீனாவின் குவாங்தோங் மாநிலத்திலிருந்து வந்த துறவியர் 1926இல் இதனைத் தொடங்கினர். குகையின் உட்சுவரெங்கும் ஓவியங்களும் எழுத்தோவியங்களும் நிறைந்துள்ளன. அவை ஒரே காலத்தில் ஒரே கையால் ஆனவை அல்ல. பல ஓவியர், பல காலத்தில், தத்தம் பங்கை வழங்கினர். சீன எழுத்தோவிய மரபில் எழுதியவர் பெயரும் அவரது செந்நிற முத்திரையும் படைப்பின் ஓர் உறுப்பாகவே கருதப்படும். அவை இல்லாவிடில் படைப்பு நிறைவுறாது. வழிபாட்டிடமும் கலைக்கூடமும் ஒன்றாக அமையலாம் என்பதற்கும், அங்கே பெயர் பொறித்தல் பக்திக்கு மாறன்று என்பதற்கும் இக்குகை நல்லதோர் எடுத்துக்காட்டு.

2. தோட்டம் வந்த வரலாறு

பேராக்கின் தமிழர் கலையை அறிய, தமிழர் அங்கு வந்த வழியைச் சுருக்கமாகவேனும் அறிதல் வேண்டும். பிரேசில் நாட்டு விதையிலிருந்து கியூ பூங்காவில் முளைத்த இரப்பர்க் கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வழியாக மலாயாவுக்கு வந்தன. அவற்றுட் சில அதே ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்டன. அன்று பேராக்கின் பிரித்தானிய ஆட்சிப் பேராளராக இருந்தவர் ஹியூ லோ. அக்காலத்து மரம் ஒன்று கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. அரசு அதனைப் பேணிக் காத்து, பெயர்ப்பலகையும் வைத்துள்ளது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பரின் விலை உயர்ந்தது, காடுகள் தோட்டங்களாயின. கங்காணி முறையிலும், 1907இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதியின் துணையோடும் தமிழ்நாட்டுச் சிற்றூர் மக்கள் பெருந்தொகையாக வந்தனர். உதவி பெற்றுத் தொழிலாளர் குடியேறுவதை இந்திய அரசு 1938இல் தடை செய்யும் வரை இவ்வரவு நீடித்தது. வந்தவர்கள் லயங்களில் குடியமர்ந்தனர். விடியுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுத்தனர். உளியும் வாளியும் ஏந்திப் பால் வெட்டச் சென்றனர். அவர்கள் பெயர்கள் கிராணியின் பேரேட்டில் உண்டு. எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி, எவ்வளவு பிடித்தம் என்பவையும் அதில் உண்டு. அவர்கள் என்ன வரைந்தார்கள், என்ன செதுக்கினார்கள் என்பதற்கு அப்பேரேட்டில் இடமில்லை.

3. கெல்லாஸ் தோட்டக் கோயிலின் கூரை

பத்து காஜாவுக்கும் கோப்பேங்கிற்கும் இடைப்பட்ட சாலையில் கெல்லி மாளிகை நிற்கிறது. இங்கு வரும் சுற்றுலாப் பயணிகள் பலர். அதனைக் கட்டத் தொடங்கியவர் வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1870இல் பிறந்த அவர் இளமையிலேயே மலாயா வந்தார். காடழிக்கும் பணியில் பொருளீட்டினார். கிந்தாவில் நிலம் வாங்கி, தம் பிறந்த ஊரின் நினைவாகக் கிந்தா கெல்லாஸ் எனத் தோட்டத்திற்குப் பெயரிட்டார். 1915 அளவில் தொடங்கிய மாளிகைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து கட்டடத் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். 1926இல் லிஸ்பன் நகரில் அவர் இறந்தார். மாளிகை நிறைவுறாமலே நின்றது.

மாளிகையிலிருந்து சிறிது தொலைவில் ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. முதல் உலகப் போரின் இறுதியில் பரவிய விஷக் காய்ச்சலில் தொழிலாளர் பலர் மாண்டனர் என்றும், எஞ்சியவர்கள் அம்மனுக்குக் கோயில் எடுக்க வேண்டினர் என்றும், கெல்லி ஸ்மித் இசைந்து உதவினார் என்றும் வழிவழிச் செய்தி கூறுகிறது. அந்த நன்றிக்கு அடையாளமாக, கோயிற் கூரைமேல் தெய்வ உருவங்களின் நடுவே ஐரோப்பிய உடை அணிந்த ஒருவரின் உருவமும் சுதையில் அமைக்கப்பட்டுள்ளது. அது கெல்லி ஸ்மித்தே என மக்கள் சொல்லி வருகின்றனர்.

இவ்வுருவத்தை நாம் சற்று நின்று நோக்குதல் தகும். கோயிற் கூரையில் துரையை வைத்தது வெறும் பணிவு என்று சிலர் கருதக்கூடும். நம் கருத்தோ வேறு. கொடையாளரின் உருவத்தைக் கோயிலில் அமைப்பது தமிழர் மரபு. அரசரும் வள்ளல்களும் கைகூப்பிய நிலையில் தூண்களில் நிற்பதை நாம் பல கோயில்களிற் காண்கிறோம். தோட்டத்துச் சிற்பி அம்மரபைக் கடல் கடந்த ஒரு மண்ணில், தான் கண்டறியாத உடையணிந்த ஒருவருக்கு விரித்தளித்தான். காற்சட்டையும் மேற்சட்டையும் சுதையில் எவ்வாறு மடிப்புறும் என்பதற்கு அவனுக்கு முன்மாதிரி இருந்திராது. தன் கண்ணையே நம்பிச் செய்தான். மலாயாத் தமிழரின் புதிய வாழ்க்கை பழைய கலைக்குள் புகுந்ததற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இத்துணைச் சிறப்பு வாய்ந்த அவ்வுருவத்தின் வரலாற்றில் ஒரு குறை உண்டு. உருவம் பெற்றவரின் பிறந்த ஆண்டும் இறந்த ஊரும் நமக்குத் தெரிகின்றன. உருவம் தந்தவரின் பெயரோ பொதுவழக்கில் வழங்கவில்லை. வழிகாட்டி நூல்கள் அவரைச் சென்னையிலிருந்து வந்த தொழிலாளர் என்னும் கூட்டத்துள் அடக்கிவிடுகின்றன.

4. பெயர் பொறித்தல் நம் மரபா?

செய்தவன் பெயரை மறைத்து, செய்ததை இறைவனுக்கு அளிப்பதே நம் பண்பாடு என்று சிலர் கூறுவர். உயர்ந்த கருத்துத்தான், ஆயினும் வரலாறு அதனை முழுதும் ஏற்கவில்லை. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒரு பாறையில் பல்லவர் காலத்துக் கைவினைஞர் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் முதலிய பெயர்களை நாம் இன்றும் படிக்கலாம். 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் வீரசோழன் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் இடம்பெற்றிருக்கிறான். அக்கோயிலின் பணிக்கு அழைக்கப்பெற்ற 400 ஆடல் மகளிரின் பெயர்களும், அவர்கள் குடியிருந்த வீட்டின் வரிசையும்கூட அங்கே பதிவாகியுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் பெயர் எழுதிய மரபு நம்முடையது.

இன்றும் அம்மரபு முற்றும் மறையவில்லை; இடம் மாறியிருக்கிறது. கோயிலுக்கு ஒரு குழல்விளக்கு வாங்கித் தந்தால், ஒளியை மறைக்கும் அளவுக்கு அதன்மேல் உபயதாரர் பெயரை எழுதுகிறோம். மின்விசிறியின் இறக்கையிலும் எழுதுகிறோம். கோபுரத்தில் நூறு சுதையுருவம் சமைத்தவரின் பெயரை மட்டும் எழுத மறந்துவிடுகிறோம். ஆகவே குறை மரபில் இல்லை. யாருடைய பெயர் எழுதத் தக்கது என நாம் கொண்ட கணிப்பில் இருக்கிறது.

5. தோட்டத்துக் கலைஞரும் மறையும் சுவர்களும்

தோட்டத்தில் கலைஞர் எனத் தனியே ஒருவர் இருந்ததில்லை. பகலில் பால் வெட்டியவரே மாலையில் காவடிக்கு மூங்கில் வளைத்தார், மயிற்பீலி கட்டினார், திருவிழாத் தேருக்குத் தாள் மலர் செய்தார். கூத்தும் நாடகமும் நடந்த இரவுகளில் பின்திரை தீட்டியவரும் அவரே. மரத்தடியில் ஒரு கல்லும் சூலமுமாகத் தொடங்கிய முனியாண்டி, மதுரைவீரன், சங்கிலிக் கருப்பன் வழிபாடு தகரக் கொட்டகையாகிப் பின் சுவரெழுப்பிய கோயிலாக வளர்ந்தபோது, முதலிற் சாந்து குழைத்துக் கண் திறந்தவரும் பெரும்பாலும் உள்ளூர்க்காரரே. வசதி பெருகிய பின்னரே தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகள் வந்தனர். பெண்கள் நாள்தோறும் வாசலில் இட்ட கோலம் அன்றே அழியும் இயல்பினது. அதனைக் கலை வரலாற்றிற் சேர்த்து எண்ணியவர் மிகச் சிலர்.

இவற்றுக்கு இருவகையில் அழிவு நேர்ந்தது. முதலாவது, தோட்டங்களே மறைந்தது. விடுதலைக்கு முன்னும் பின்னும் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. அதன் விளைவாக வீடிழந்தோரைக் காக்கவே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர்ப் பால்மரம் செம்பனைக்கு இடம் தந்தது. ஊருக்கு அருகிலிருந்த நிலம் வீடமைப்புக்குச் சென்றது. மக்கள் ஈப்போவின் புந்தோங் போன்ற குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். ஆட்கள் நீங்கிய லயங்களோடு சுவர்களும் சிதைந்தன.

இரண்டாவது அழிவு அன்பினால் நேர்வது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடத்துவது வழக்கம். அதற்குமுன் கோயில் முழுவதும் புதுப்பிக்கப்படும். உடைந்த சுதை அகற்றப்படும். எல்லாவற்றின்மேலும் புதுவண்ணம் ஏறும். வழிபாட்டுக்கு இது இன்றியமையாதது. வாழும் கோயில் பொலிவோடு விளங்கவேண்டும். ஆனால் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் முந்தைய கலைஞரின் கை மறைகிறது. தஞ்சைப் பெரிய கோயிலிலும் இவ்வாறே நிகழ்ந்தது. கருவறையைச் சுற்றிய வழியில் நாயக்கர் காலத்து ஓவியப் பூச்சின் அடியில் சோழர் ஓவியம் மறைந்திருந்ததை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அங்கே கீழ்ப்பூச்சு எஞ்சியிருந்தது, கண்டெடுக்க முடிந்தது. தோட்டக் கோயிலின் தகரச் சுவருக்கும் செங்கற் சுவருக்கும் அந்த வாய்ப்பு இல்லை. இடித்துக் கட்டும்போது எல்லாம் மண்ணோடு போகும்.

6. நகரத்துச் சுவர்களும் பெயர் பெற்ற கலைஞரும்

இனி ஈப்போ நகருக்குள் நுழைவோம். பினாங்கில் 2012இல் வரைந்த சுவரோவியங்களால் புகழ்பெற்ற லித்துவேனியா நாட்டு ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச், 2014இல் ஈப்போவின் பழைய நகரில் சில ஓவியங்களைத் தீட்டினார். காப்பி நிறுவனம் ஒன்று அதற்குப் பொருளுதவி செய்தது. காப்பி அருந்தும் முதியவர், தாள் விமானத்தில் பறக்கும் சிறுவர் முதலிய காட்சிகளைக் காண மக்கள் திரண்டனர். ஈப்போ ஓவியர் எரிக் லாயும் சந்துச் சுவர்களில் மலாய், சீன, இந்திய வாழ்க்கைக் காட்சிகளை வரைந்தார். வெயிலும் மழையும் இவ்வோவியங்களை மங்கச் செய்தாலும், வரைந்தவர் பெயரும் ஆண்டும் வரைபடங்களிலும் செய்தித்தாள்களிலும் நிலைத்துவிட்டன. சுவர் அழியலாம், பதிவு அழியாது.

இதே பள்ளத்தாக்கில் பிறந்தவர் லாட் எனப்படும் கேலிச்சித்திரக் கலைஞர் முகமது நோர் காலிட். கோப்பேங் வட்டாரச் சிற்றூரில் 1951இல் பிறந்து, ஈப்போவில் பள்ளிப்படிப்பை முடித்த அவர், 1979இல் கம்பத்துச் சிறுவனைப் பற்றியும் 1981இல் நகரத்துச் சிறுவனைப் பற்றியும் சித்திர நூல்கள் வெளியிட்டார். ஈயத் தூர்வாரிக் கப்பலும், கம்பத்து வீடும், ஈப்போவின் தெருக்களும் அவர் கோட்டில் உலகெங்கும் சென்றன. இன்று பத்து காஜாவில் அவர் பெயரால் ஒரு காட்சிக்கூடம் விளங்குகிறது. ஒரு சிற்றூர் தன் கலைஞரைக் கொண்டாடும் முறைக்கு அது சிறந்த முன்மாதிரி. நாம் மகிழ்ந்து பாராட்ட வேண்டியது.

ஒன்றை மட்டும் இங்கே சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். அதே பத்து காஜா வட்டாரத்தில்தான் கெல்லாஸ் கோயிலும் இருக்கிறது. ஒருபுறம், தம் பெயரைத் தம் கையாலேயே எழுதித் தந்த கலைஞருக்கு ஒரு கூடம். மறுபுறம், பெயரில்லாத கையின் வேலை திறந்த வெளியில். இவ்விரண்டையும் பிரிப்பது திறமையின் வேறுபாடு மட்டும் அன்று. அச்சும் இதழும் ஒருவரின் பெயரைக் காத்தன. மற்றவருக்கு அத்தகைய காவல் அமையவில்லை.

7. கலைக்கூடம் எங்கிருந்து தொடங்கும்?

கலைஞர் கூடித் தம் முயற்சியால் ஓரிடம் அமைப்பது இயலாத செயல் அன்று. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் தோன்றிய சோழமண்டலம் ஓவியர் சிற்றூர் இதற்குச் சான்று. கலைக் கல்லூரி முதல்வர் கே. சி. எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் பாத்தேக் துணிகளைச் செய்து விற்று, அந்த வருவாயில் நிலம் வாங்கிக் குடியேறினர். நம் மலாய்த் தீவுலகின் கைவினையான பாத்தேக், தமிழ்நாட்டு ஓவியர்க்கு நிலம் வாங்கித் தந்தது என்பது நாம் நினைந்து மகிழத்தக்க செய்தி. கோப்பேங்கிலும் ஊர்மக்கள் பழம்பொருள் திரட்டி ஓர் அருங்காட்சியகம் அமைத்துள்ளனர். அரசின் பெருநிதியை எதிர்பார்த்துக் காத்திராமல், ஊராரே தொடங்கலாம்.

ஆயின் எதிலிருந்து தொடங்குவது? கட்டடத்திலிருந்து என்பதே வழக்கமான விடை. நம் விடை வேறு: பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கான சான்றுகள் இன்றும் நம் வீட்டுப் பேழைகளில் உள்ளன.

குடமுழுக்கு அழைப்பிதழ்களிலும் மலர்களிலும் ஸ்தபதியின் பெயர் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். ஆலயச் செயற்குழுவின் வரவு செலவு ஏட்டில், வண்ணம் பூசியவர்க்கும் சிலை செய்தவர்க்கும் கொடுத்த தொகை பெயரோடு எழுதப்பட்டிருக்கலாம். தமிழ்ப்பள்ளிகளின் ஆண்டு மலர்களில் அட்டைப்படம் வரைந்த ஆசிரியரின் பெயர் கிடைக்கும். திருமண, திருவிழா நிழற்படங்களின் பின்புறத்தில் நாடகத் திரையும் காவடியும் தெரியும். அவற்றைச் செய்தவரை அடையாளங்காட்டக்கூடிய முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுதல் வேண்டும். ஏடு பத்தாண்டு காத்திருக்கும், நினைவு காத்திராது.

இப்பணிக்கு நான்கு வரிகள் கொண்ட ஓர் அட்டை போதும்: செய்தவர், செய்த இடம், செய்த ஆண்டு, செய்வித்தவர். தெரியாத வரியை வெறுமையாக விடலாம். கற்பனையால் நிரப்புதல் ஆகாது. வெறுமையான வரியைக் காண்பவர், தமக்குத் தெரிந்ததைச் சொல்ல முன்வருவர். குடமுழுக்குத் திருப்பணி தொடங்குமுன் ஒவ்வொரு சுதையுருவத்தையும் நிழற்படம் எடுத்து வைத்தலை ஆலயக் குழுக்கள் திருப்பணியின் முதல் வேலையாகக் கொள்ளலாம். புதுப்பித்தலும் தடையுறாது, பழையதன் பதிவும் எஞ்சும்.

இதில் மொழிக்கும் பங்குண்டு. சுதை, சாந்து, கண் திறப்பு, வார்ப்பு, பீலிக்கட்டு முதலிய தொழிற்சொற்கள் தொழிலோடு வாழ்பவை. தொழில் செய்தவரிடமிருந்து பெயரைக் கேட்கும்போதே சொல்லையும் கேட்டு எழுதினால், கலைக்கூடத்தின் ஏடு ஒரு சொற்களஞ்சியமும் ஆகும். மொழிக்கென அமைந்த மன்றங்கள் கலைக்கூடத்தைப் பற்றிப் பேசுவதற்கு இதுவே தகுந்த காரணம்.

முடிவுரை

தம்புன் பாறையில் பெயர் இல்லாதது காலத்தின் இயல்பு. கெல்லாஸ் கூரையில் பெயர் இல்லாததற்குக் காலத்தைக் காரணமாகக் கூற இயலாது. அது அச்சும் எழுத்தும் வழங்கிய நூற்றாண்டு. கூலிக்குப் பேரேடு எழுதிய கிராணியும் அதே தோட்டத்தில் இருந்தார். எழுதக்கூடியவர் இருந்தும் எழுதத்தக்கது என எவரும் கருதவில்லை என்பதே உண்மை.

கோலகங்சாரில் ஒரு மரத்துக்குப் பெயர்ப்பலகை உண்டு. அத்தகைய மரங்களை நம்பி வாழ்ந்தவர்கள் படைத்த கலைக்கும் ஒரு பலகை வேண்டும் என்று கேட்பது மிகையன்று. பழைய தோட்டக் கோயில்கள் அடுத்த குடமுழுக்கை எதிர்நோக்கியிருக்கும் இந்நாளில், நம் சிற்றூர்க் கலைக்கூடம் ஒரு குறிப்பேட்டிலும் ஒரு நிழற்படக் கருவியிலும் தொடங்கட்டும். கட்டடம் பின்னர் வரலாம்.